இடக்கை

வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள்,
நிறுத்திவிடுகிறேன் என்பேன்.
நாற்காலியில் சாய்பவர் யாரானாலும்
முதல் வாக்கியம் இதுதான்.
அப்பா இதைச் சொன்னதில்லை.

இந்த நாற்காலி வியன்னாவிலிருந்து
தன்யூப் வழியே படகில் ரூசேவுக்கு வந்தது.
அப்போது ஊரில் அரசன் இருந்தான்,
அதாவது அவன் படம் இருந்தது:
சுவரில், நாணயத்தில், பாடநூலின் முதல் தாளில்.
கவர்னர் மனைவிக்கு முதலில், பிறகு கர்னலுக்கு,
பிறகு தானிய வியாபாரிகளுக்கு என்று
வலிக்கும்கூட ஒரு வரிசை இருந்ததாம்.
வண்டிக்காரன் தாடையில் துணி கட்டிக்கொண்டு
படிக்கட்டில் மாலைவரை காத்திருப்பான்,
மழையை யாரும் நொந்துகொள்ளாததுபோல
யாரையும் நொந்துகொள்ளாமல்.
ஒரு கோடையில் அரசன் செத்தான்.
ஆறு வயது மகன் அரசனானான்.
"முன்பல் ஆடும் வயது," என்பார் அப்பா,
"தேசமே ஓர் ஆடும் பல்லுக்குத் தலைவணங்கியது."
சிரித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.
அந்தப் பழக்கம்
அடுத்த ஆட்சியில் வந்தது.

அடுத்த ஆட்சியில் வரிசை இல்லை, எல்லோரும் தோழர்கள்.
சிலருக்கு மட்டும் பின்வாசல்.
கை தூக்க ஊர் கற்றுக்கொண்டது அப்போதுதான்:
தொழிற்சாலைக் கூடத்தில் அறுநூறு கை, ஒரே உயரம்.
எண்ணுகிறவன் எண்ணமாட்டான்,
தூக்காத கையைத் தேடுவான்.

ஒரு நவம்பரில் பழுப்புக் கோட்டுக்காரர் வந்தார்.
பல்லில் கோளாறில்லை.
மயக்கம் கொடுத்தால் சிலர் உளறுவார்களாமே,
என்ன உளறுகிறார்கள் என்று
வெள்ளிதோறும் ஒரு தாளில் எழுதினால் போதும் என்றார்.
மறுநாள் முதல் அப்பாவிடம்
மயக்க மருந்து தீர்ந்துபோனது.
பதினெட்டு வருடம் தீர்ந்தே இருந்தது,
அலமாரிக்குப் பின்னால் புட்டிகள் நிறைந்திருக்க.
விழித்திருப்பவர்களிடமிருந்து பிடுங்கினார்.
ஊர் அவரைக் கசாப்புக்காரன் என்றது.
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் சாவ்காவின்
நகம் பதிந்த நான்கு பிறைகள்
கைப்பிடித் தோலில் இன்னும் இருக்கின்றன.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
அப்பா பல்லை எடுத்துக்கொண்டு
சொல்லை அவரவரிடமே விட்டுவைத்தார்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் எல்லோர் வாயும் திறந்தது.
திறந்தது மூடவே இல்லை.
காத்திருக்கும் அறையில் நான்கு கட்சி, ஒரே ஹீட்டர்.
சுவரொட்டியில் சிரிக்கிற வேட்பாளருக்கு
வெள்ளை வெளேரென்று முப்பத்திரண்டு;
அதில் ஆறு நான் வைத்தது,
பணம் இன்னும் வரவில்லை.
ஓட்டுக்கு எண்ணெய் டின் வாங்கிய தெருவைத் தெரியும்.
வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டவர்களையும் தெரியும்.
பிள்ளைகளில் பாதிப்பேர் ஜெர்மனியில்.
தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இது தானமில்லை.
நான் பார்க்கிறேன், ஒவ்வொரு தேர்தலிலும்,
சொத்தையில்லாத ஒன்றைக்கூட
இதுவரை பார்த்ததில்லை.

போன வசந்தத்தில் சாவ்கா வந்தாள், எண்பது வயது.
உட்கார்ந்ததுமே அப்பாவைத் திட்டத் தொடங்கினாள்,
முழுதாக, உரக்க, கதவு திறந்தேயிருக்க.
புட்டிகளைப் பற்றிச் சொன்னேன்.
நெடுநேரம் வாயைத் திறந்தபடி இருந்தாள்;
நான் அதற்குள் எதையும் நுழைக்கவில்லை.
"என்னிடம் சொல்லியிருக்கலாம்.
நான் என்ன பெரிதாக உளறியிருப்பேன்?
முட்டை விலையைத்தான்."
பிறகு, தாழ்ந்த குரலில்,
"அப்போது அதுவும் பெரிதுதான்."

ஊசி போட்டேன். மரத்ததும் துளைக்கருவியை எடுத்தேன்.
பாதியில் அவள் இடக்கை எழுந்தது.

உண்மையைச் சொல்கிறேன்:
இன்னும் மூன்று விநாடியில் முடிந்துவிடும்,
அவள் நன்மைக்குத்தான் என்று
என் கால் பெடலை விடவில்லை.
ஒன்று.
இரண்டு.
அவள் கையை இறக்கவில்லை.

விட்டேன்.