முதல்

குதைபியாவில், தையல் கடைக்கு மேலே,
வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கூடுவோம்.
நான் பொருளாளர்.
மற்ற நாளெல்லாம் மீன் கம்பெனியில்
இறால் பெட்டிகளுக்குப் பில் போடுகிறவள்.

முன்பு எங்களிடம் ஒரு நோட்டும்
ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தன.
யாராவது இறந்தால் டின் கிளம்பும்
கேம்ப் கேம்பாக, கட்டில் கட்டிலாக.
ஐந்து தினார், அரை தினார்,
‘சம்பளம் வரட்டும்க்கா.’
டின் நிறையும்வரை
சல்மானியாவில், குளிரில், ஒருவர் படுத்திருப்பார்.
ஆறுமுகநேரி இசக்கிராஜ் பத்தொன்பது நாள்.
அவ்வளவு நீண்ட விடுப்பு
அவருக்கு எந்தக் கம்பெனியும் தந்ததில்லை.

நஷ்ட ஈடு வந்ததும் அவர் மனைவி செல்வரஞ்சிதம்
அறுநூறு தினார் திருப்பி அனுப்பினாள்.
கூடவே ஒரு குரல் செய்தி, பதினோரு விநாடி:
‘அடுத்த ஆளு காத்துக் கிடக்கக் கூடாது.’
பின்னால் குக்கர் விசிலடித்தது.

அன்றே செலவழித்திருப்போம்.
செய்யது நூகுதான் குறுக்கே கை நீட்டினார்:
‘முதலைத் தொடாதீங்க.
எங்க பள்ளிக்கு ஒருத்தர் வக்பு வச்ச பதினாலு தென்னை,
வச்சவர் கபுர் எதுன்னே தெரியாது,
விளக்கு இன்னும் எரியுது.
இளநீ குடிங்க. மரத்தை வெட்டாதீங்க.’

வட்டி அவருக்கு ஆகாது.
எனக்கு ஆகும், ஆனாலும் அவர் பக்கமே கை தூக்கினேன்.
வாடகையில் பங்கு தரும் சுக்கூக் பத்திரம்,
நூற்றுக்கு ஐந்தேகால்.
யாரோ கட்டிய கிடங்கில் ஒரு செங்கல்
எங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஆளுக்கு மாதம் ஒரு தினார், நானூற்றுச் சொச்சம் பேர்,
நாலு வருடம்.
இப்போது ஒரு சுவர்: பதினெட்டாயிரம்.

நோட்டை மூடியவன் தாயுமானவன்.
பகலில் லிஃப்ட் மெக்கானிக்,
எந்த மாடியில் தொங்கிக்கொண்டு யோசித்தானோ,
போனில் ஒரு செயலி செய்து வந்தான்.
பெயர், பாஸ்போர்ட், வாரிசு, தேதி, காரணம்.
காரணத்தைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரியும்.
பழைய நோட்டு முழுவதையும் நான்தான் ஏற்றினேன்
ஒரு ரமலான் மாதத்து இரவுகளில்.

கடைசிப் பெயரையும் சேர்த்ததும்
திரையில் கம்பங்கள் எழுந்து நின்றன.
முப்பத்தேழில் இருபத்திரண்டு, மாரடைப்பு.
அதில் பதினைந்து, ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவே.
சராசரி வயது நாற்பத்தொன்று.
நோட்டிலும் இதெல்லாம் இருந்தது.
பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.
என் கையெழுத்தில்.

இந்த வருட வரவைப் பெட்டிக்கு வைக்காமல்
ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஆறும்
நர்ஸ் பிரிஸ்கில்லாவின் வெள்ளிக்கிழமைகளும்
வாங்கலாம் என்றேன்.
பேச்சிமுத்து எழுந்தார்:
‘இது செத்தவன் காசு.’
தப்பில்லை. விதி மூன்று அப்படித்தான் சொல்கிறது.
கீழே தையல் மெஷின் ஓடுவது கேட்டது.
கொஞ்ச நேரம் அது மட்டும்தான் கேட்டது.
ஒன்பதுக்கு ஆறு.
ஜெயித்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை, அஸ்கர் கேம்ப், நீள வரிசை.
நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து காட்டிய ஒருவன்
‘டீ குடிச்சிட்டு வந்தேன், அதான்’ என்றான்.
பிரிஸ்கில்லா அவன் சட்டைக் கையை விடவில்லை.

ஆகஸ்ட் முடிந்தது.
பெட்டிச் செலவு: 0.000
இந்த ஊர்க் காசுக்கு மூன்று தசமம்.
மூன்று பூஜ்யத்தையும் நான் நம்பவில்லை.
தாயுமானவனைக் கூப்பிட்டு
செயலி பழுதா என்று கேட்டேன்.

பழுதில்லை என்று
செப்டம்பர் ஆறாம் தேதி தெரிந்தது.
பைப் ஏற்றிய லாரி, ரிஃபா போகிற சாலை.
நாலாம் நாளே அனுப்பிவிட்டோம்,
முதலைத் தொடாமல்.
டின் அலமாரி மேலேயே இருந்தது.
காரணம் என்ற கட்டத்தில் பட்டியல் விரிந்தது.
மாரடைப்பைத் தாண்டிக் கீழே போய்
‘சாலை’யைத் தொட்டேன்.