பாண் வண்டிக்கு ஒரு சோக்

பெற்றோல் வரிசையில் மூன்று இரவு கிடந்து அலுத்த இல்ஹாம்
தன் பாண் வண்டியைப் பற்றரிக்கு மாற்றினான்.
புகை போயிற்று. கடன் வந்தது.
கூடவே ஒரு கீச்சொலி.

ஓடத் தொடங்கினால் முனகும்,
வேகம் எடுத்தால் வீரிடும்,
பேஸ்லைன் சந்தியில் சிவப்பு விழுந்தால் அடங்கும்.
பணிஸ் விற்கும் மெட்டுக்குள்ளே
ஒரு நுளம்பு குடியேறியிருந்தது.
தெமட்டகொடை நாய்கள் எல்லாம் பின்னால் வந்தன,
பாண் வாங்க அல்ல.

"அக்கா, ஸ்பீக்கர் செத்துப் போச்சா?"

பஞ்சிகாவத்தையில்
சைலன்சர்கள் தொங்கும் இரண்டு கடைகளுக்கு நடுவே
நாலடி அகலம் என் மேசை.
ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை என்றேன்.
உன் மோட்டாரும் உன் மெட்டும் ஒரே பற்றரியில் குடிக்கின்றன.
மோட்டார் மடக்கு மடக்காய்க் குடிக்கிறது.
அந்தத் தொண்டைச் சத்தம்தான் இது.

முதலில் ஒரு சின்ன வளையம், மெல்லிய கம்பி.
மெதுவாய்ப் பாடும்வரை அடங்கியது.
அவன் சத்தத்தைக் கூட்டினான்;
காந்தம் நிரம்பி, இனி இடமில்லை என்று
வளையம் வெறும் கம்பியாயிற்று.
நுளம்பு திரும்பி வந்தது.
எனக்குக் கோபம், வளையத்தில் இல்லை,
கணக்குப் போடாமல் கை வைத்த என்னில்.

பிறகு, செத்த கணினியொன்றின் வயிற்றிலிருந்து
மஞ்சள் வளையம், ஒரு முகம் மட்டும் வெள்ளை.
தடித்த செம்புக் கம்பி, நாற்பது சுற்று.
நடுவே யாரோ ஹெட்லைட்டுக்கு விலை கேட்க
இருபத்தேழா இருபத்தெட்டா என்று
அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து.
பின்னால் ஒரு கப்பாசிற்றர்,
தப்பி வரும் மிச்சத்தை வண்டியின் உடம்பில் இறக்கிவிட.

சுருளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்:
முன் கணம் போலவே இந்தக் கணமும்.
சீராய் வரும் மின்னை அது மறிக்காது.
துள்ளி வருவதை மட்டும்
தன் காந்தத்துக்குள் வாங்கி
இழுத்து, ஆறப்போட்டு, மெதுவாய்த் திருப்பிக் கொடுக்கும்.

பொறுமை என்று சொல்லிவிடாதீர்கள்.
ஓடும்போது கம்பியைப் பிடுங்கினேன்,
நகத்தருகே நீலமாய்ச் சீறியது.
தொடங்கவும் பிடிக்காது அதற்கு,
நிறுத்தவும் பிடிக்காது.

நல்ல சத்தம் கெட்ட சத்தமும் தெரியாது.
இதே சுருளை ஸ்பீக்கர் கம்பியில் கோத்தால்
மெட்டின் மேல் சுரங்களையும் சேர்த்துத் தின்னும்.
எந்தக் கம்பியில் என்பதுதான் எல்லாம்.
இதை இல்ஹாமுக்கு விளக்கினேன்.
"நீங்க பூட்டுங்க அக்கா" என்றான்.

பூட்டினேன். வேகம் கூட்டி ஒரு சுற்று வந்தான்.
கழுவிய கண்ணாடிபோல மெட்டு.
கூலியில் பாதி காசு,
பாதி மாலுபாண்.

மூன்றாம் நாள் வந்து நின்றான்.
கண்ணாடிப் பெட்டியில் அரைவாசிப் பாண் அப்படியே.
"சஹஸ்புர ஏழாம் மாடி சோமலதா நோனா
இறங்கி வரவே இல்ல அக்கா.
எல்லா வண்டிக்கும் இதே மெட்டுத்தானே.
நுளம்பு கேட்டாத்தான் நான் என்று தெரியுமாம்.
அவ மட்டும் இல்ல, அந்த மாடி முழுக்க."

நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

ஆறு சுற்றுக் கழற்றினேன். கேட்கவில்லை.
இன்னும் எட்டு.
அவன் சந்திவரை போய் வந்தான், நான் காதைக் கொடுத்திருந்தேன்:
ஏழு மாடி ஏறுமளவுக்கு ஒரு கீச்சு,
நாய்களை எழுப்பாமல்.
எந்தச் சூத்திரத்திலும் இல்லாத அளவு அது.
இருபத்தாறில் நிறுத்திப் பசை வைத்தேன்.

பற்றுச்சீட்டுக் கேட்டான்.
"சத்தம் குறைத்தது" என்று எழுதினேன்.
அடுத்த வரிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்
கழற்றிய பதினான்கு சுற்றுக் கம்பியை
அவன் கையில் கொடுத்தேன்.