ஒறம்பரை

வெளிநாட்டார் தங்கினால்
ஒரு நாளுக்குள் சி படிவம் ஏற்ற வேண்டும்.
திருப்பூர் லாட்ஜில் பதினோரு வருசமாய் ஏற்றுகிறேன்.
துருக்கி, போலந்து, ஒருமுறை பெரு.
பனியன் பார்க்க வருவார்கள்,
தையலைப் பிரித்து முகர்ந்துகூடப் பார்ப்பார்கள்.
மார்ச் முதல் ஞாயிறு வந்தவர் டுல்லியோ,
சாயப்பட்டறைக்கு இயந்திரம் பூட்ட.
வந்த நாடு என்ற கட்டத்தில்
இத்தாலி என்று தட்டியதைப் பின்னால் நின்று பார்த்த
ரூம்பாய் மாசிலாமணி
சாவியை மேசையில் வைத்துவிட்டு
நாலடி அக்கட்டால போய் நின்றான்.

வியாழக்கிழமை மாநகராட்சி வண்டி.
302ன் கதவில் தாள் ஒட்டினார்கள்.
உள்ளே வராதீர், இருபத்தெட்டு நாள்.
பெயருக்கு இடம் பத்தாமல் டுல்லி என்று நின்றது.
புறங்கையில் அழியாத மை.
ஓட்டே இல்லாத ஊரில் ஓட்டு மை வாங்கிட்டாருங்க
என்று ஆய்வாளர் சிரித்தார்,
சிரிப்பு அவர் கண்ணாடியில் ஆவியாய்ப் படிந்தது.

எனக்கும் விதிகள் வந்தன, மூன்று பக்கம்.
காலையிலும் பொழுதோடவும் காய்ச்சல் எண்.
தட்டைத் தொடாமல் கொடு, துண்டைத் தொடாமல் வாங்கு.
இருமினால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு.
இருமாவிட்டால் என்ன செய்வதென்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

எங்க பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்போம்.
முதலில் கையில் தண்ணிச் சொம்பு,
பிறகுதான் எப்ப வந்தீங்க.
நானோ பாட்டிலை வாசலில் வைத்துத் தட்டிவிட்டு
பாதிப் படி இறங்கிய பிறகே
தாழ்ப்பாள் சத்தம் கேட்பேன்.

அவர் சன்னலுக்குக் கீழே ஜம்மனை ஓடை.
காய்ச்சல் எண்ணோடு ஓடையின் நிறத்தையும் சொல்வார்.
திங்கள் கருநீலம். புதன் ரோஜா,
குழந்தைச் சட்டை ஆர்டராக இருக்குமாம்.
சாயம் விடக் கூடாதென்றும் ஒரு விதி உண்டு,
அதுவும் ஏதோ ஒரு தாளில்தான்.
இருபத்தோராம் நாள், "முப்பத்தாறு நாலு. டுடே நோ கலர்" என்றார்.
பட்டறைகள் பூட்டியாயிற்று.
பூட்ட வந்த இயந்திரம் பெட்டிக்குள்,
பூட்ட வந்தவர் அறைக்குள்.

அதற்கு மூன்றாம் நாள் எண் சொல்லவில்லை.
மூன்று தடவை கேட்டேன்.
"மை பிரதர்" என்றார், போன் அப்படியே இருந்தது.

எழவு கேட்கப் போனால் நாங்கள் பேசுவதில்லை.
இரண்டு கையையும் நீட்டுவோம்,
இழந்தவர் தொடுவார், தள்ளி உட்காருவோம். அவ்வளவுதான்.
பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
மூன்றாம் மாடிக்குப் போனேன்.
கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
ஆறடி தள்ளி, தாளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
துடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
உள்ளே மின்விசிறி மட்டும்.
ஒருமணி நேரமோ என்னவோ.
இறங்கி வந்து அன்றைய கட்டத்தில்
முப்பத்தாறு நாலு என்று நானே எழுதினேன்.

இருபத்தெட்டு முடிந்தது. தாளைக் கிழிக்க யாரும் வரவில்லை.
ஏப்ரல் கடைசியில் தூதரகக் கடிதம், சென்னையிலிருந்து விமானம்,
கார்க் கண்ணாடியில் ஒட்ட ஒரு பாஸ்.
புறப்பாட்டை ஏற்றினால் திரை சிவந்தது:
விசா நாள் கடந்து தங்கியவர். காரணம் கூறுக.

நாமே அடைத்து வைத்த மனுசன்!
ஒறம்பரை என்று தட்டினேன்.
தமிழெழுத்தை அது வாங்கவில்லை.
லாக்டவுன் என்று ஆங்கிலத்தில் தட்டினேன்,
பச்சையானது.

வெளியே மாசிலாமணி
பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தான்.
கையுறை போடவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.
போயிட்டு வாங்க என்றேன்,
வாய் மூடியிருந்ததால் கேட்டதோ என்னவோ.