பெட்டி எண் ஒன்பது

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் லயத்தின் பின்சுவரில்
கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்த மாதம்
துளைபோடும் இயந்திரம் லொறியில் வந்தது.
எனக்கு வேலை: மேலே வரும் கல்லைக் கழுவி
வரிசை குலையாமல் மரப்பெட்டியில் அடுக்கி
ஆழத்தை மையால் எழுதுவது.
நாட்கூலி. மழை நாளுக்குக் கிடையாது.

முதல் பத்து மீற்றர் கல்லே இல்லை.
செம்மண். விரலில் ஒட்டும்.
அதற்குள் ஒரு தேயிலை வேர், நூல் மொத்தம்,
இவ்வளவு ஆழத்துக்கு எப்படி இறங்கியதோ.
"இதுவும் பாறைதான், உக்கின பாறை"
என்றான் ஜயலத், இயந்திரத்தை நிறுத்தாமலே.
மழை கல்லைத் தின்று துப்பியது செம்மண்;
செம்மண்ணைத் தேயிலை தின்கிறது;
தேயிலை யாரைத் தின்கிறது என்பது
வேறு கணக்கு.

பதினோராவது மீற்றரில் சத்தம் மாறியது,
தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல்.
குழாயைத் தட்டினோம். வழுக்கி இறங்கியது
இளஞ்சூடான உருளை, மணிக்கட்டு மொத்தம்.
கறுப்பு வரி, வெள்ளை வரி, கறுப்பு வரி,
பிழிந்த சேலைபோல் முறுகி மடிந்து,
நடுநடுவே மாதுளை விதை நிறத்தில் மணிகள்.
பெயர் "நைஸ்" என்றார் ஷிஹாமா மிஸ்.
தடவிப் பார்த்தேன்.
நைஸாக இல்லை.

தாளில் அடுத்த கட்டம்: முன்பு என்னவாக இருந்தது?
யோசித்து, "சேறு" என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

சேறா?
ஏதோ ஒரு பெயரில்லாத ஆற்றின் வாய்.
தண்ணீரில் மீன் இல்லை, கரையில் புல் இல்லை.
சேற்றின் மேல் சேறு படிந்து
தன் பாரமே தன்னை நெரித்துக் களிக்கல்லாகி,
பிறகு நிலமும் நிலமும் மோதிக்கொண்டதில்
இருபத்தைந்து கிலோமீற்றர் கீழே போயிற்றாம்.
அங்கே உலை. ஆனால் உருகவில்லை.
மிஸ் அதைத்தான் இரண்டு தரம் சொன்னார்.
எனக்கு ஒரு தரமே போதும்:
தேங்காய் ரொட்டி தட்டில் உருகுவதில்லை.
மாவு கிடந்த இடத்திலேயே கிடந்து
வேறொன்றாகிறது.
மறுபடி பிசைய முடியாது.

பெட்டி ஏழில் வெள்ளை நரம்பு ஒன்று
எந்த வரியையும் மதிக்காமல் குறுக்கே ஓடியது.
அதுமட்டும் உருகியது.
இடுக்குத் தேடிப் புகுந்து, மெல்ல மெல்ல ஆறி,
கற்கண்டுக் கட்டிகளாய் உறைந்தது.
அவசரப்பட்டிருந்தால் பொடிப்பொடியாய்ப் போயிருக்குமாம்.
ஜயலத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

பெட்டி எட்டு சலவைக்கல்.
அமிலம் ஒரு சொட்டு விட்டால் சோடாவாய் நுரைத்தது.
கடலின் சுண்ணாம்பு.
மூட்டம் இல்லாத காலையில் தெற்கே
ஒரு கோடாய்த் தெரியும் கடலுக்கு நான் போனதில்லை.
நாலாயிரம் அடி உயரத்தில் குந்திக்கொண்டு
பழைய கடல் ஒன்றைக் கழுவினேன்.

அந்தியில் லயத்தார் வந்து நின்றார்கள்.
"கல்லு கெட்டியா மிஸ்? நாங்க இருக்கலாமா?"
கல் கெட்டி, என்றார்.
அதன் மேலே இருப்பதுதான்
கல்லாக இருப்பதை விட்டுவிட்டது.
மழையில் அது ஆற்றைத் தேடிப் போகும், ஆறு கடலை,
அடியில் மறுபடி சேறு, மறுபடி முதல் கட்டம்.
"எப்ப போகும்?" என்று கேட்டாள்
தொங்கல் காம்பரா சந்தனமேரி.
மிஸ்ஸிடம் கோடி வருசக் கணக்கு இருந்தது.
இந்த ஐப்பசிக் கணக்கு இல்லை.

பெட்டி ஒன்பதில் ஒரு சாண் கல்லைக் காணோம்.
"இழப்பு" என்று நான்தான் எழுதினேன்.
இயந்திரம் அரைத்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.
மூன்று கிழமை கழித்துப் பாடசாலை மண்டபத்தில்,
பன்னிரண்டு குடும்பத்துக்கும் இடையே கட்டிய
பெட்ஷீட் ஒன்றின் பின்னால்
சந்தனமேரி மிளகு இடித்துக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் உருளையை முந்தானையால் மூடினாள்.
இடிங்க அக்கா, என்றேன்.
அதன் அடி ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருந்தது.

இரவு ரசத்தில் ஏதோ பல்லில் கடிபட்டது.
உள்ளங்கையில் துப்பி, விளக்கருகே பிடித்தேன்.
சிவப்பு.