பதின்மூன்றாம் வளைவு

வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தலைப்பு வந்தது:
'வழி விடு.'
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு கேம்.
அம்மாப்பேட்டையில், விசைத்தறிக் கூடத்துக்கு மேல் அறையில்
நான், சவுடேஸ்வரி, மாதேஷ்,
இரண்டு லேப்டாப், சத்தம் போடும் ஒரு ஃபேன்,
எட்டு தட்டுவடை செட்.

ஏற்காட்டு மலைப்பாதை முழுவதையும் செய்துவிடலாம்
என்றேன் நான்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
குரங்குகள், பலாப்பழ லாரி,
ஜன்னலில் வாந்தியெடுக்கும் பள்ளிச் சுற்றுலா,
உச்சியில் ஏரி, ஏரியில் படகு,
படகுக்குத் தனியாக ஒரு பட்டன்.
மாதேஷ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.
எழுதுவதற்குக் காசா பணமா.

நள்ளிரவில் ஏரி போயிற்று.
இரண்டு மணிக்குக் குரங்குகள்.
சனி விடிந்தபோது வளைவுகள் பதினொன்று.
பேருந்து சாலையில் நிற்க மறுத்து
மலைக்குள் புகுந்து விழுந்துகொண்டே இருந்தது.
பயணிகள் யாரும் பதறவில்லை,
அவர்களுக்கு இன்னும் முகம் வரையவில்லை.

ஒரு கழித்தல் குறி.
கண்டுபிடிக்க ஐந்து மணி நேரம்.
அதை எழுதியது யார் என்று சண்டை போட
இன்னும் அரைமணி.
நான்தான்.

சவுடேஸ்வரி வரைய வேண்டிய மரங்கள் நூற்று எண்பது.
வரைந்தது நான்கு.
"பனிமூட்டம் போட்டுடு" என்றாள்.
போட்டேன்.
அதுவரை பச்சை அட்டையாக நின்றது
சட்டென்று சேர்வராயன் மலையாகிவிட்டது.
இல்லாத மரங்கள் எல்லாம்
மூட்டத்துக்குப் பின்னால் இருந்தன.

கீழே தறிகள் நிற்கவே இல்லை.
எந்த ஒலியைப் பதிவு செய்தாலும்
பின்னால் அவை ஓடின.
அதிகாலை மூன்றரைக்கு மாதேஷ்
புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனான்.
ஓமலூர் வண்டிக்காரருக்கு அவன் வயதுதான் இருக்கும்.
"ஹாரனா? எதுக்குங்க?"
"கேமுக்கு."
நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று அடித்துக் காட்டி
"பெருசு, நான் வர்றேன்.
சிறுசு, நீ வா" என்றாராம்.

ஞாயிறு மதியம் மிஞ்சியது
ஒரே ஒரு வளைவு. 13/20.
ஏன் பதின்மூன்று என்றால்
அதில் மட்டும்தான் தடுப்புச்சுவர் தடுத்தது.
ஏறும் பேருந்து, இறங்கும் பேருந்து.
ஒரு பட்டன்.
அழுத்தினால் ஹாரன், விட்டால் ரிவர்ஸ்.
வெற்றி இல்லை, மதிப்பெண் இல்லை,
போட நேரமில்லை.
கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் இடம் வந்தோம்,
அது பிறகு.

ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் போயிற்று.
தறிகள் ஒரேயடியாக ஓய்ந்தன.
இரண்டு நாளில் முதன்முறையாக
என் காது எனக்குக் கேட்டது.
மாதேஷின் போனிலிருந்து நெட்டை இழுத்து
ஏற்றினோம்: அறுபது, எண்பது, தொண்ணூற்று நான்கு,
தொண்ணூற்று நான்கு,
தொண்ணூற்று நான்கு.
ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஏறியது.
யாரும் கத்தவில்லை.
தட்டுவடைத் தூளை விரலால் ஒற்றித் தின்றோம்.

"இங்கயும் கரண்ட் இல்லியா?"
கீழே தறி ஓட்டும் பர்கத் வாசலில் நின்றான்.
லேப்டாப்பில் ஒன்பது சதவீதம் சார்ஜ்.
இந்தா, ஆடிப் பார் என்றோம்.

நீளமாக அடித்தான்.
எதிரேயும் நீளமாக அடித்தது.
மறுபடி அடித்தான்.
பிறகு பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டான்.
வண்டி மெல்லப் பின்னால் போய்
சுவரோரம் ஒட்டி நின்றது.
மூட்டத்திலிருந்து மற்றது வந்தது,
குட்டையாக ஒரு ஹாரன்,
கடக்கும்போது ஓட்டுநர் ஜன்னலில்
ஒரு கை உயர்ந்தது.

அதை நான் எழுதவில்லை.
கீபோர்டில் கன்னம் வைத்து நான் தூங்கிய நேரத்தில்
இவர்கள் இருவரும் சேர்த்திருக்கிறார்கள்.
முகமில்லை. கை மட்டும்.

இருட்டில், திரையைப் பார்த்து
பர்கத்தும் கையைத் தூக்கினான்.
பிறகு எங்களைப் பார்த்தான்.
"அவ்ளோதானா?"
"அவ்ளோதான்."
"இன்னொரு வாட்டி குடு."