தொண்ணூறு டிகிரி

முட்டை வேன் காலை ஐந்துக்குக் கிளம்பியாக வேண்டும்.
இப்போது இரவு பத்தரை.
செக்கானூரணி முக்கில் பரோட்டாக் கல்லையும்
கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

வேன்காரம்மா லூர்துமேரி
காலி ஆயில் டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
எனக்கும் ஒச்சப்பனுக்கும் பேச்சு நின்று
பதினோரு நாள்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேண்டுமென்றால்
அவளிடம் சொல்கிறேன்.
அவள் அவனிடம் கேட்கிறாள்.
அவன் அவளிடம் கொடுக்கிறான்.
"நாலடி தூரத்துலதானய்யா ரெண்டு பேரும் இருக்கீக"
என்று ஒருமுறை சொன்னாள்.
அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது.

ஒன்பதாயிரம் ரூபாய்க் கணக்கு.
பணம்கூடப் பெரிதில்லை.
மரை கழண்ட பய என்றான் என்னை,
டீக்கடையில், நாலு பேர் முன்னால்.

இப்போது மரையைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.
கிராங்க் மூக்கின் உள்மரையை,
பனியன் துணியைக் குச்சியில் சுற்றி.
ஒரு பொடி மணல் இருந்தாலும் போல்ட் பொய் சொல்லும்.
இறுகின மாதிரி இருக்கும்,
இறுகியிருக்காது.

கழற்றிய புல்லி தரையில் கிடக்கிறது.
உள்ளே ஓர் இரும்பு, வெளியே ஓர் இரும்பு,
நடுவில் விரற்கடை ரப்பர்.
இஞ்சினின் நடுக்கத்தை விழுங்குவது அதன் உத்தியோகம்.
விழுங்கி விழுங்கி ஒருநாள் வெடித்துவிட்டது.

சிம்மக்கல்லில் வாங்கிய புதுசைப் பிரிக்கிறேன்.
பிறை போன்ற கீயை அதன் குழியில் படுக்கவைத்து
நகத்தால் தட்டிப் பார்க்கிறேன். ஆடவில்லை.
ஆயில் சீலின் உதட்டுக்கு ஒரு சொட்டு,
பூட்டுக்கு விடுகிற அளவு.
வெட்டும் கீயும் நேருக்கு நேர்.

"சுத்தியால ரெண்டு போடு போட்டா ஏறிறாதா?"
ஏறும்.
ரப்பரும் கிழியும், உள்ளே என்னென்னவோ நொறுங்கும்.
போல்ட்டாலேயே இழுக்கலாமா என்றால் அதுவும் ஆகாது.
ஆரம்பத்தில் மூன்று மரைதான் பிடிக்கும்,
மூன்று மரையை நம்பி ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டக் கூடாது.
நீள மரைக்கம்பியை அடிவரை ஏற்றி
அதன் நட்டைத் திருகத் திருக
புல்லி உள்ளே போகிறது,
மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி,
மெதுவாக, மனசில்லாத பாவனையில்.

இதுவரை ஒற்றை ஆள் வேலை.

கம்பியை எடுத்துவிட்டு, இனி போல்ட்.
புதுசுதான். ஒருமுறை முறுக்கி நீண்டதை
மறுமுறை நம்ப முடியாது.
பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டேன்.
போய் மறுபடி தொட்டுப் பார்க்கிறேன், கழன்றுதான் இருக்கிறது.
பின்சக்கரங்களுக்குக் கருங்கல்.

யாராவது அடியில் படுத்து
ஃப்ளைவீல் பல்லுக்கு லிவர் கொடுத்துப் பிடிக்க வேண்டும்.
யாராவது என்றால்.
அவளிடம் வாயைத் திறப்பதற்குள்
ஒச்சப்பன் சாக்கை விரித்துவிட்டான்.

அவன் சொல்லுமுன் நான் இழுத்தால்
அவன் விரல் பல்லுக்குள்.
நான் இழுக்கையில் அவன் விட்டால்
என் முகம் ரேடியேட்டரில்.
நடுவில் ஆள் வைத்துக் கேட்கிற கேள்வி இல்லை இது.

"பிடிச்சிருக்கா?" என்கிறேன்.
கீழே சத்தமில்லை.
லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.
"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல கேக்குறாரு."
வண்டிக்கடியில் ஒரு செருமல்.
"பிடிச்சிருக்கு. இழு."

டார்க் ரென்ச்சை ஒரே சீராக இழுக்கிறேன்.
டிக்.
பல்லி சொன்ன மாதிரி.

போல்ட் தலையில் சுண்ணாம்புப் பொட்டு, பன்னிரண்டு மணியில்.
அதை மூன்றுக்குக் கொண்டுபோக வேண்டும்.
இந்தக் கால்வட்டத்துக்கு டிக் கிடையாது.
நீளக் கைப்பிடியும் கண்ணும்தான்.

"இன்னும் இருக்கா?"
"இருக்கு."
"கை நோவுது."
"விட்றாத."
"விடல, நீ இழு."
ஒன்று. ஒன்றரை. இரண்டு.
என் தோள்பட்டையில் ஏதோ முறிகிற மாதிரி,
இரண்டே முக்கால்.
"நில்லு."
மூன்று.

அவன் வெளியே வருகிறான், முதுகெல்லாம் மண்.
இஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.
ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கேட்கிறேன்:
"லிவர எடுத்துட்டியா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே,
"எடுத்தாச்சுன்னு சொல்லுங்க" என்கிறான்
லூர்துமேரியிடம்.