வாயில்லாக் கார்

சாவியைப் பாதி திருப்பி நிறுத்துகிறேன், பழக்கம்.
டீசல் வானில் இந்த இடத்தில்
கொயில் லைட் மஞ்சளாய் எரியும்.
அணையும் வரை பொறுக்க வேண்டும்.
பதினேழு வருடம் அந்தப் பத்து விநாடியில்
கும்பிட்டேன், கொட்டாவி விட்டேன்,
யாருக்கு எவ்வளவு கடன் என்று எண்ணிப் பார்த்தேன்.
இது பொறுமை கேட்பதில்லை.
திருப்பினால் பற்றுகிறது.
பற்றியதா என்று தெரியாமல் மறுபடி திருப்ப
கர்ரென்று பல்லைக் கடிக்கிறது.
"அப்பா, அது ஸ்டார்ட்டிலதான் நிக்குது"
என்கிறாள் பின்சீற்றில் யதுர்ஷா.

வானை வாங்கியது சிலாபத்து மீன்காரர்.
காசை எண்ணித் தந்த விரலில் செதில் ஒட்டியிருந்தது.
எயாப்போட் ஹயர், விடிய விடிய யாழ்ப்பாணம்,
முள்ளந்தண்டில் தேய்ந்த இரண்டு தட்டு.
டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னார்:
"ஓடினது காணும்."

இது நுகேகொடையில் ஒரு டீச்சரம்மா ஓட்டியது.
வெயில் மறைப்பின் பின்னால் பென்சிலால்
ஒயில் மாற்றிய திகதிகள், குண்டு குண்டான சிங்கள எழுத்தில்.
பின்சீற்றில் குழந்தை இருக்கை அழுத்திய நான்கு குழி.
அந்தப் பிள்ளை இப்போது கம்பஸ் போகிறதாம்.
கண்ணாடியில் கட்டிய பிரித் நூலை
அவவும் அவிழ்க்கவில்லை, நானும் தொடவில்லை.
கௌசலா பக்கத்தில் ஒரு திருநீற்றுப் பொட்டலம் தொங்கவிட்டாள்:
"ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளட்டும்."

தெஹிவளை மேம்பாலம்.
மூன்றாம் கியரில், வானை விடுவது போல்,
தன்பாட்டில் ஏறும் என்று விட்டேன்.
அது எருமை. சேறோ மேடோ
தலையைக் குனிந்து இழுக்கும்.
இது ஆடு. மிதித்துக் கெஞ்ச வேண்டும்.
ஏற்றத்தின் நடுவில் மூச்சை விட்டது.
பின்னால் பாணந்துறை நூறாம் நம்பர் பஸ்
என் ஏழு தலைமுறைக்கும் ஹோன் அடித்தது.
கௌசலா கண்ணாடியை ஏற்றினாள்.
நான் சிவப்புப் பொத்தானைத் தேடினேன்.
வானில் அது இடப்பக்கம்.

செட்டில் பொடியன் வருகிறான்.
"டீசல், ஃபுல்" என்கிறது வாய்.
அவன் குனிந்து மூடியைப் பார்த்து,
"மாத்தயா, மேக்க பெற்றல் நே?"
இருவரும் சிரித்தோம்.
மீற்றரில் ரூபாய் ஓட ஓட
என் சிரிப்பு முதலில் நின்றது.

நான் சொல்ல வந்தது இதில்லை.

வான் ஒழுங்கை முனையில் திரும்பும்போதே
மூன்றாம் மாடியில் தேத்தண்ணிக்குக் கேத்தல் ஏறும்.
யதுர்ஷாவின் புத்தகம் திறக்கும். கீழ்வீட்டு நாய் குரைக்கும்.
அருமைநாயகம் சேர் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவார்.
வெள்ளவத்தை முழுக்க
என் வரவைப் பறை அறைந்தது அந்த எஞ்சின்.

போன வியாழன் நான் வந்தது ஒருவருக்கும் தெரியாது.
மாடிப்படியின் கீழ் யதுர்ஷா, காதில் போன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்.
என் வீட்டில் அப்படியொரு சிரிப்பு இருப்பது
எனக்குச் சொல்லப்படவில்லை.
மேலே பல்கனியில் கௌசலா
உடுப்புக் காயப்போட்டபடி பாடினாள்,
சுருதி பிசகி, சத்தமாக.
வான் சத்தம் கேட்டுப் பதினேழு வருடம்
நின்று நின்று போன பாட்டு.

இறங்கவில்லை. சாவியையும் எடுக்கவில்லை.
கள்ளனைப்போல்
கடற்கரைப் பக்கம் ரயில் போய் முடியும்வரை இருந்தேன்.

சனிக்கிழமை பஞ்சிகாவத்தையில்
நவ்ஷாத் பொனெட்டைத் திறந்தார்.
"ஒடிச்சுத் திருப்பக்குள்ள பெல்ட் கத்துது அண்ணன். மாத்திவிடட்டா?"
எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்.
எத்தனை நாள் தாங்கும் என்றேன்.
"ஒரு மாசம், ரெண்டு மாசம். சத்தம்தான் கரச்சல்."
கிடக்கட்டும் என்றேன்.
காசுக்குத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.
அதுவும் பொய்யில்லை.

ஒழுங்கை முனையில் இப்போது
ஸ்டியரிங்கைத் தேவைக்கு மேல் கொஞ்சம் ஒடிக்கிறேன்.
கீச்சென்று ஒரு குருவி.
பிறகு முதல் கியரில்,
ஆட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தவன் போல்,
ஐந்து வீடு தாண்டி மெதுவாக வருகிறேன்.
போனை வைக்க நேரம் வேண்டும்.
பாட்டும் அந்த வரியையாவது முடிக்கட்டும்.